பதினோராவது பாத்திரம்

14.11.1996, வியாழன். காலை மணி 6.10. மழை. மீன் நான்கு. மேலே வந்து வாய் திறப்பவை மூன்று. தீனி எடுக்கவில்லை. பிழை: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். பாதரசம் அசையவே இல்லை. அது மனிதச் சூட்டுக்கு உள்ளது. முன்பே யோசித்திருக்க வேண்டும்.

எழுதி முடித்து, சித்ரலேகா தெர்மாமீட்டரைத் துடைத்து அதன் உறைக்குள் போட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அது அண்ணனின் கக்கத்தில் இருந்தது. நோட்டும் அதே நோட்டுதான். முன்பக்கங்களில் அண்ணன் தாணுமாலையனின் காய்ச்சல் இருக்கிறது, பின்பக்கங்களில் மீன்கள் இருக்கின்றன. நடுவில் நான்கு பக்கம் ஒன்றும் எழுதாமல் கிடக்கிறது.

'பிழை' என்று தினமும் ஒரு வரி எழுதுவது மாலை வகுப்பில் பிடித்த பழக்கம். வாகையடி முக்கில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கே மாஸ்டர் சரியாக அடித்த வரிகளைப் பார்க்கவே மாட்டார். தப்புகளை மட்டும் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தின் அடியில் எத்தனை என்று எழுதித் தருவார். ஒரு வருஷமாக அவளும் தன் நாட்களுக்கு அப்படியே செய்து வருகிறாள். 'பிழை: இல்லை' என்று எழுத நேர்ந்தால் அவளுக்கே நம்பிக்கை வராது. நாலு தடவை திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நோட்டை மூடுவாள்.

ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தாள். ஐந்து நாளாக அந்தப் பக்கத்தை அவள் புரட்டவில்லை.

"ஏட்டி சித்ரா, அந்தக் கருப்பு மேல வந்து தொங்குது, பாத்தியா?"

அம்மா சொர்ணாம்பாள் தொட்டிக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து குளித்து, நேராக அங்கேதான் வந்திருப்பாள். ஈரக் கூந்தலில் துண்டு சுற்றியபடி இருந்தது.

"பாத்தேம்மா. எழுதிட்டேன்."

"எழுதி என்ன செய்ய? ரெண்டு துளி போட்டேன், ஒண்ணாவது திரும்பிப் பாக்கணுமே. தீனி அப்படியே அடியில போய் உக்காந்திருக்கு."

"இன்னைக்குத் தீனி வேண்டாம்மா."

"பட்டினியாவா போடச் சொல்லுத?"

"நீங்க மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. இட்லி ஆறிப் போச்சு."

"அதுக திங்கட்டும்."

இந்தப் பேச்சு மூன்று நாளாக நடக்கிறது. தாணு போனதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிட்டதில்லை. மீன்கள் வந்த பிறகுதான் ஒரு ஒழுங்கு வந்தது. காலையில் தொட்டிக்குள் தீனியைத் தூவி, அவை வாயைத் திறந்து மூடித் தின்பதைப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து இரண்டு இட்லியைப் பிட்டு விழுங்குவாள். திங்கட்கிழமை மீன்கள் தீனியை விட்டன. அன்றிலிருந்து அம்மாவும் விட்டுவிட்டாள். நேற்று முழுக்க ஒரு தம்ளர் காப்பியும் ஒரு தம்ளர் நீர்மோரும் என்று நோட்டில் இருக்கிறது.

அப்பா குற்றாலலிங்கம் நாற்காலியில் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து ஆபீசில் குமாஸ்தா. பேப்பர் அரை மணி நேரமாக ஒரே பக்கத்தில் இருந்தது.

"ஆத்துல வெள்ளம் இன்னும் வடியலையாம்" என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

மீன் தொட்டி அந்த வீட்டுக்கு வந்தது மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தாணு போன பத்தாம் நாள். சந்திப்பிள்ளையார் முக்கில் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் அகமது மீரான், மூணு சக்கர வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கண்ணாடித் தொட்டியை வைத்து, பக்கத்திலேயே நடந்து வந்து சந்துக்குள் நின்று கத்தினான்.

"ஏலே தாணு! கதவத் தெற லே! ஒனக்குக் கண்ணாடி மாளிகை கொண்டாந்திருக்கேன். இன்னும் எருமை மாதிரி தூங்குதியா?"

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, வாயில் விரலை வைத்துச் சைகை காட்டினார். மீரானுக்கு அது புரியவில்லை. "என்ன அண்ணாச்சி பாக்கீக? பிள்ளமார் வீட்டுக்குள்ள மீனு போகுதேன்னா? இது கண்ணால மட்டும் திங்குத மீனு" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு திரும்பும்போது அப்பா பத்து நாள் தாடியோடு வாசலில் நின்றார்.

"தாணு இல்லையா அண்ணாச்சி?"

"இல்ல."

"ஞாயித்துக்கெழமயும் வேலையா?"

ஆபீசுக்கு வந்த கடிதத்துக்குப் பதில் சொல்வதுபோல அப்பா சொன்னார். "மஞ்சக்காமாலை. இருவத்தஞ்சாந்தேதி காலம்பற. இன்னைக்குப் பத்தாம் நாளு."

மீரான் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் திருப்பிக் கொண்டு போயிருதேன் அண்ணாச்சி. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது" என்றான்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. பத்து நாளில் அவள் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவன் சொல்லி வச்சதா?"

"ஆமாம்மா. ரெண்டு மாசமா தெனமும் வேல முடிஞ்சு கடையில வந்து நிப்பான். அம்மா பகல்ல ஒத்தையில இருக்கா, பாத்துக்கிட்டு இருப்பாம்பான். மீனு வெட்டுத வாடதான் எங்க அம்மாவுக்கு ஆகாது, நீந்துத மீனு ஆகும்லான்னு சிரிப்பான்."

"உள்ள கொண்டு வாங்க."

அப்படித்தான் தொட்டி பட்டாசாலையில், முன்கூடத்துச் சன்னலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. தங்கமீன் இரண்டு, கருப்பு மோலி இரண்டு, தேவதை மீன் என்று மீரான் சொன்ன தட்டை மீன் இரண்டு. அவன் கல்லைப் பரப்பினான், மோட்டாரை மாட்டினான், கொல்லைத் தொட்டியில் ஏற்கெனவே நின்ற தண்ணீரை முக்கால் தொட்டிக்கு விட்டான். பிறகு வண்டியிலிருந்து இரண்டு கேன் எடுத்து வந்து ஊற்றினான். அது வெளுத்த கஞ்சித்தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. பஞ்சையும் புதிதாகப் போடவில்லை. கடைத் தொட்டியில் கிடந்த கறுத்த பஞ்சு ஒன்றைச் செருகினான்.

"இது எங்க கடைத் தொட்டித் தண்ணி, தங்கச்சி. அழுக்கா இருக்கேன்னு கொட்டிராதீக. வாரத்துக்கு ஒருக்க கால் பங்கு மாத்துனாப் போதும். அதுக்கு மேல மாத்தப்படாது. குழாத் தண்ணிய ஒரு நாளு தெறந்து வச்சு ஊத்தணும். பஞ்ச ரொம்பத் தேய்க்கப்படாது."

சித்ரலேகா அதையெல்லாம் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டாள். எழுதியதைப் படித்துக் காட்டி, சரிதானா என்றும் கேட்டாள். சரிதான் என்றான்.

பதினாறாம் நாள் ஒன்பதாம் தேதி வந்தது. தீட்டுக் கழிப்பு. முந்தின நாளே அப்பா ஒரு பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டுக் கொடுத்தார். துக்க வீட்டில் நின்ற தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. குடம் மூன்று, அண்டா, தவலை, வாளி இரண்டு, செம்பு, சருவச்சட்டி, கொல்லையில் சிமெண்டுத் தொட்டி. பத்து. எல்லாவற்றையும் கவிழ்த்து, தேய்த்து, புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

பட்டியலைப் பார்த்தபோது சித்ரலேகாவுக்கு அது முழுசாகாத மாதிரி இருந்தது. பட்டாசாலையில் எட்டுக் குடத்துக்கு மேல் தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பட்டியலில் காணோம். பென்சிலை எடுத்து, பத்துக்குக் கீழே '11. மீன் தொட்டி' என்று எழுதினாள். தன்னுடைய நோட்டில் மீரான் சொன்னது இருப்பது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் நோட்டு அவள் எழுதியது. பட்டியல் அப்பா எழுதியது.

"மீன் தொட்டியுமாப்பா?" என்று கேட்டாள்.

அப்பா நிமிரவில்லை. "தண்ணிதான? எல்லாந்தான்" என்றார்.

மீன்களை வாளிக்கு மாற்றினாள். கலங்கல் தண்ணீரை முழுக்க முகந்து கொல்லையில் வாழைக்கு ஊற்றினாள். கல்லைச் சல்லடையில் போட்டு ஏழு தண்ணீர் விட்டு அலசினாள். பஞ்சுக்குச் சோப்புப் போட்டுக் கசக்கினாள். கண்ணாடியைச் சாம்பல் வைத்துத் தேய்த்தாள். ஆற்றில் வெள்ளம் வந்ததால் அந்த வாரம் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கி அடித்தது. அந்தத் தண்ணீரைத்தான் நிரப்பினாள். தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. "நல்லா வெளிச்சமா இருக்குட்டி" என்று அம்மா சொன்னாள். அன்றிரவு அவள் எழுதியது: பாத்திரம் பதினொன்று. எல்லாம் முடிந்தது. பிழை: இல்லை.

மறுநாள் தீபாவளி. தெரு முழுக்க வெடிச் சத்தம். அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பலகாரம் தூக்குச்சட்டிகளில் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்தன. செவ்வாய் ஒரு மோலி செத்தது. புதன் ஒரு தட்டை மீன். இரண்டையும் அம்மாதான் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு போய்ச் செவ்வரளிச் செடிக்கடியில் புதைத்தாள்.

"இந்த வீட்டு வாசப்படி அப்படி. வந்தது எதுவும் தங்காது" என்று புதன்கிழமை சொன்னாள். அழவில்லை. இலையில் உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று சித்ரலேகாவுக்குத் தோன்றியது. ஆனால் அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தண்ணீர் மாற்றினதுதான் காரணமா, மழைக் குளிரா, அம்மா அதிகமாகத் தூவும் தீனியா. நிச்சயமில்லாததை எப்படி எழுதுவது என்று அவள் எழுதவில்லை. எழுதாததைச் சொல்லவும் இல்லை.

இன்று மத்தியானம் மழை விட்டதும், ஒரு மருந்து பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பினாள். ரத வீதியில் சேறு. டவுன் பஸ் ஒன்று தெருவையே கழுவிக்கொண்டு போனது. மீரான் கடையில் இருபது தொட்டிகளும் ஒரே நேரத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் எந்த இடத்தில் நின்றிருப்பான் என்று பார்த்தாள். எந்த இடத்திலும் நின்றிருக்கலாம்.

மீரான் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதென்ன தங்கச்சி, நான் குடிக்கக் கொண்டாந்தியா?"

"தொட்டித் தண்ணி."

"தொட்டித் தண்ணி இப்படி இருக்காதே. மாத்துனியா?"

"கொஞ்சம்."

"எம்புட்டு?"

அவள் கைக்குடையை மடக்கினாள். "முழுசும்" என்றாள். "கல்லையும் அலசிட்டேன். பஞ்சுக்குச் சோப்புப் போட்டேன். பதினாறாம் நாளு, வீட்டுல தண்ணி எல்லாம் மாத்தணும்."

மீரான் மூடியைத் திறந்து முகர்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பின்னந்தலையைச் சொறிந்தான்.

"நான்தான் வெவரமாச் சொல்லியிருக்கணும்."

"வெவரமாத்தான் சொன்னீங்க. நம்பர் போட்டு எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கியா? எழுதிட்டுமா கொட்டுன?"

மீரான் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பழைய தண்ணியும் பஞ்சும் இருந்தாத்தான் மீனோட கழிவெல்லாம் செரிக்கும். இல்லாட்டி அதுவே அதுகளுக்கு வெசமாப் போகும். மேல வந்து வாயத் தெறக்குதுல்லா, அதான். போதாததுக்கு பிளீச்சிங் வேற."

"அப்போ அதனாலதானா?"

"முக்கால்வாசி அதனாலதான். முழுசும் அதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். எங்கிட்டயே வாரத்துக்கு நாலு சாவுது."

அவன் ஒரு தொட்டியிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் பிடித்தான். கொழகொழவென்று கறுத்த ஒரு பஞ்சைப் பாலிதீன் பையில் முடிந்தான். "கல்லுப்பு ஒரு கரண்டி கரைச்சு ஊத்து. ரெண்டு நாளைக்குத் தீனி கெடையாது. தெனம் கால் பங்கு, தெறந்து வச்ச தண்ணி" என்றான். பிறகு சிரிக்கப் பார்த்தான். "கடைக்கு வாறவுகல்லாம் தண்ணி அழுக்கா இருக்குன்னு என்னைத் திட்டுதாக. அழுக்கக் கேட்டு வாங்கிட்டுப் போற மொத ஆளு நீதான்."

"பொழைக்குமா அண்ணே?"

"பாப்போம். பைய ஊத்து, என்ன?"

வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு கையிலும் கேனோடு மறுபடி பிடித்த மழையில் நடந்தாள். குடையை விரிக்கக் கை இல்லை. வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அம்மா அதே பலகையில் இருந்தாள். மடியில் ஒரு வாழை இலைத் துண்டு. அதில் மிச்சமிருந்த கருப்பு மோலி.

"இப்பத்தான்" என்றாள் அம்மா. "மழ விடட்டும்னு வச்சிருக்கேன்."

தொட்டியில் இரண்டு தங்கமீனும் ஒரு தட்டை மீனும் மோட்டார் குமிழிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. சித்ரலேகா கேன்களைக் கீழே வைத்தாள்.

"எம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். ஈரக் கையால் ஒன்பதாம் தேதியைப் பிரித்து, மாஸ்டர் டிக்டேஷன் கொடுக்கிற வேகத்தில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். குடம் மூன்று. அண்டா. தவலை. பதினொன்று, மீன் தொட்டி. கல் ஏழு தண்ணீர். பஞ்சு சோப்பு. பிழை இல்லை. பிறகு மூன்றாம் தேதியைப் புரட்டி, ஒன்று இரண்டு மூன்று என்று மீரான் சொன்னதையும் வாசித்தாள்.

அம்மா கேனைப் பார்த்தாள். "அன்னைக்கு அந்தப் பையன் ஊத்துனானே கலங்கலா, அதையும் சேத்தா கொட்டுன?"

"ஆமாம்மா."

"அது உறை மோரு மாதிரியா?"

சித்ரலேகா யோசித்தாள். "அப்படித்தாம்மா."

"உறைய வாழைக்கு ஊத்திட்டு, சட்டியையும் தேச்சுக் கமுத்திட்டு, இன்னும் தயிராகலியேன்னு நானும் இங்கனயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

நாற்காலியிலிருந்து அப்பா சொன்னார். "நான்தான எல்லாந்தான்னு சொன்னேன்."

"நீங்க பத்துதாம்ப்பா எழுதுனீங்க. பதினோராவது நான் எழுதுனது."

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அம்மா கேட்டாள்.

"அப்போ நான் போட்ட தீனியால இல்ல?"

"இல்லம்மா."

"வாசப்படியாலயும் இல்ல?"

"இல்ல."

அம்மா இலைத் துண்டை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். "அந்த நோட்டுல முன்னால இருக்கா? அவன் படுத்திருந்தது?"

"இருக்கு."

"எண்ணெ ஆகாதுன்னு ஆசுபத்திரியில சொல்லியிருந்தாக. நீ கிளாசுக்குப் போயிருந்த. ஒரே ஒரு தோச, முறுவலா, நல்லெண்ண விட்டுத் தாம்மான்னான். கஞ்சி கஞ்சின்னு நாக்கு செத்துப் போச்சும்மான்னான். சுட்டுக் குடுத்துட்டேன். யாருட்டயும் சொல்லல."

அன்றிலிருந்து இந்த வீட்டில் தோசைக்கல் அடுப்பில் ஏறவில்லை என்பது சித்ரலேகாவுக்கு இப்போதுதான் உறைத்தது. இட்லி, இட்லி என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்மா. அவன் சொன்னான்." அவள் பக்கத்தைத் தேடி எடுத்தாள். "இருபத்தொன்று, திங்கள். இரவு, தோசை ஒன்று. முழுதும் சாப்பிட்டான். அம்மாவிடம் கேட்காதே என்றான். சூடு நூற்றொன்று. பிழை, முதல் தடவை தெர்மாமீட்டரை உதறாமல் வைத்துவிட்டேன். இது இரண்டாவது தடவை வைத்தது."

"முழுசும் தின்னானா?"

"முழுதும்னுதான் எழுதியிருக்கேன்."

"மறுநாளு?"

"மறுநாள் காலை, தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு."

"கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்கு."

"இன்னொருக்க வாசி."

வாசித்தாள். அம்மா உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டாள், முழுதும், தொண்ணூற்றொன்பது. சூடு மறுபடி ஏறிய புதன்கிழமைப் பக்கத்தை அவள் கேட்கவில்லை. சித்ரலேகாவும் புரட்டவில்லை.

அப்பா எழுந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து அண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிறைந்ததும் மூட வேண்டுமா என்று அங்கிருந்தே கேட்டார். வேண்டாம், திறந்தே இருக்கட்டும், மழை மட்டும் விழாமல் உள்ளே தள்ளி வையுங்கள் என்றாள் சித்ரலேகா.

தொட்டியிலிருந்து நாலு செம்பு முகந்து கொட்டிவிட்டு, கேன் தண்ணீரை அம்மாவே ஊற்றினாள். கண்ணாடியோரமாக, நெய்க்கு உருக்கிய வெண்ணெயை வடிப்பதுபோலப் பைய ஊற்றினாள். பளிங்குத் தண்ணீருக்குள் கலங்கல் புகைபோல இறங்கியது. "பாசி வாட" என்று சொல்லி விரலை முகர்ந்தாள். கறுத்த பஞ்சைச் செருகினாள். மீன்கள் அதே இடத்தில்தான் தொங்கின. ஒன்றும் மாறவில்லை.

எட்டு மணிக்குச் சித்ரலேகா ஒரு தட்டில் மோர்ச்சோறு பிசைந்து கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். மீன் தின்னாத நாளில் முதல் தடவையாக அம்மா தட்டை இழுத்துக்கொண்டாள். நாலு வாய். மகள் எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்து, "எழுதிக்கோ" என்றாள்.

சித்ரலேகா எழுதினாள்.

14.11, மாலை. மீன் மூன்று. கடைத் தண்ணீர் இரண்டு கேன், பழைய பஞ்சு ஒன்று, கல் உப்பு ஒரு கரண்டி. தீனி இல்லை. அம்மா நாலு வாய். ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருத்தினேன்: 'இல்லை' என்பதை அடித்து, 'பதினோராவது பாத்திரம்' என்று எழுதியிருக்கிறேன்.

நாளை மாலை ஐந்து மணி: அண்டாத் தண்ணீர், இரண்டு குடம் மட்டும். அம்மா ஊற்றுவாள். நான் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும்.